குமரன் எழுந்து சிரிக்கிற ஷாட்

பள்ளிக்கூடத்துக்குள் பையன்கள் குத்திக்கொள்கிற கதையோடு எந்த டைரக்டர் வந்தாலும் புரொடக்ஷன் மேனேஜரான நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். செத்துப்போகிற பையனை எழுப்பிச் சிரிக்க வைப்பது யார்? சிலர் சிரித்து மழுப்பினார்கள். சிலர் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்றார்கள். ஓய்வு பெறுகிறவரைக்கும் அந்தக் கேள்வியை மட்டும் நான் விடவில்லை.

புரொடக்ஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலருக்கு இந்த வழக்கம் தெரியாமல் இருக்கலாம். நம் சினிமாவில் பிணமாக நடிக்கிறவர், ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே சிரிக்க வேண்டும். எடிட்டிங்கில் அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிடுவார்கள். திருஷ்டி கழிக்கிற சமாச்சாரம் என்று சொல்லுவார்கள். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஷூட்டிங் கடைசி நாள் பூசணிக்காய் உடைக்கும்போதுகூட, சிதறின துண்டில் எவனாவது வழுக்கி விழுகிறானா என்று பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். ஆனால் இந்தச் சிரிப்பு விஷயத்தில் எந்தக் கொம்பன் சொன்னாலும் கேட்க மாட்டேன். அதற்குக் காரணம் மரக்காணத்தில் நடந்த ஒரு ஷூட்டிங்.

சுனாமிக்கு அடுத்த வருஷக் கோடை. டைரக்டருக்கு அது முதல் படம். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூட வன்முறை என்று இதுவரை எடுத்ததெல்லாம் பொய், மீசை முளைத்து நரைக்கப் போகிறவனுக்கு யூனிபார்ம் மாட்டிவிட்டு ஏமாற்றுகிறார்கள், நான் நிஜத்தைக் காட்டப்போகிறேன் என்றார். நல்ல ஆசைதான். நானும் நம்பித்தான் சேர்ந்தேன். ஒரு பையன் இன்னொரு பையனை எதற்காகக் குத்துகிறான் என்று ஊர் உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று நினைத்தேன்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக் கட்டடத்தை லொகேஷனாகப் பிடித்துக்கொடுத்தேன். பின்பக்கம் இடுப்புயர மதில். மதிலைத் தாண்டினால் உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளை, நடுவில் நடந்துபோக வரப்பு, கண்ணைத் திறக்க முடியாத கூச்சம். கேமராமேன் வந்து பார்த்துவிட்டு, இங்கே ரிஃப்ளெக்டரே வேண்டாம் என்றார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

டைரக்டருக்கு உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் வேண்டியிருந்தது. குத்துகிறவன் ஒருவன், குத்துப்பட்டுச் சாகிறவன் ஒருவன். டீக்கடையில் யாரோ அவரிடம் ஒரு கதை சொல்லிவிட்டார்கள். உப்பளத்துப் பக்கம் குமரன் என்று ஒரு பையன். மெயின் ரோட்டுக்கு மேற்கே, நிலம் நீச்சு உள்ள ஊரில் செந்தில் என்று ஒரு பையன். இரண்டு பேரும் ஒரே ஸ்கூலில் ஒன்பதாவது. பஸ்ஸில் சீட் பிடிப்பதில் ஆரம்பித்த தகராறு, ஸ்கூல் வாசலில் அடிதடியாகி, குமரனுக்கு முன்பல் போய்விட்டது. அப்புறம் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பேசி முடித்தார்கள் என்றால் பேச்சு முடிந்தது, அவ்வளவுதான். ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊர் டீக்கடையில் டீ குடிப்பது இல்லை.

டைரக்டர் துள்ளிக் குதிக்காத குறை. "இவங்க நடிக்கவே வேணாம் சார். கண்ணுலயே இருக்குது" என்றார். செந்தில்தான் குத்துகிறவன், குமரன்தான் சாகிறவன். படத்திலும் அதே பெயர்களையே வைத்துவிட்டார்.

"ஆறின புண்ண கிளறாதீங்க சார்" என்றேன்.

"ஆறலயே. அதான் எனக்கு வேணும்" என்றார்.

குமரனின் அம்மா கஸ்தூரியிடம் சம்மதம் கேட்க நான்தான் உப்பளத்துக்குப் போனேன். அப்பா இல்லாத பையன். கஸ்தூரி நீளக் கொம்பில் பலகை கட்டி உப்பு வாரிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலேயே நான் சொன்னதைக் கேட்டார்.

"சாவுற வேஷமா?"

"ஆமாம்மா."

"எங்க ஊர்ல கூத்து கட்டுனாகூட செத்தவன எழுப்பித்தான் வூட்டுக்கு அனுப்புவோம். நீங்க எழுப்புவீங்களா?"

நம் வழக்கத்தைச் சொன்னேன். ஷாட் முடிந்ததும் எழுந்து சிரிப்பான், அதையும் கேமராவில் பிடிப்போம் என்றேன். அப்போதுதான் பலகையைக் கீழே வைத்தார்.

"அத நான் பக்கத்துல நின்னு பாக்கணும். பாக்க வெப்பீங்கன்னா கூட்டினு போங்க."

வாக்குக் கொடுத்தேன். தயாரிப்பாளர் பெயரால் கொடுத்த வாக்கு அது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லொகேஷனில் நாம் ஒரு அம்மாவிடம் சொல்கிற வார்த்தை யூனிட் மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்கிற வார்த்தை. டைரக்டருக்கும் சேர்த்துத்தான்.

குத்துகிற காட்சியைப் பிரித்துப் பிரித்து எடுத்தார்கள். முதல் நாள் குமரன் விழுந்து கிடக்கிற ஷாட் முடிந்ததும், "சார், சிரிப்பு" என்றேன். "இப்ப வேணாம். மூட் போயிடும். க்ளோசப் பாக்கி இருக்குது, முடிச்சிட்டு பாத்துக்கலாம்" என்றார். மறுநாளும் அதே பதில். பையன்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று வேறு உத்தரவு. தனித்தனி வண்டி, தனித்தனி மூலை. செந்தில் முகத்தில் வெறி தெரிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவைத்தார். குமரன் ராத்திரியில் தூங்கவில்லை என்று கஸ்தூரி என்னிடம் வந்து சொன்னார். நான் டைரக்டரிடம் சொன்னேன். "குட். அந்த டயர்டு லுக் நல்லா இருக்கும்" என்றார். அன்றைக்கே எனக்கு ரத்தம் கொதித்தது.

மூன்றாவது நாள்தான் விவகாரம்.

அன்றைக்குக் காலையில் ஊர் முழுக்கத் துக்கத்தில் இருப்பதாக ஒரு ஷாட். அதற்கு ஆர்ட் டிபார்ட்மென்ட் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக்கொண்டு வந்திருந்தது. குமரனின் போட்டோ, குமரன் என்கிற பெயர், இரண்டு ஓரத்திலும் எரிகிற குத்துவிளக்கு, கீழே "உன் பிரிவால் வாடும் நண்பர்கள்". நிஜ போஸ்டருக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. மெயின் ரோட்டு ஜங்ஷனில் பஸ் ஸ்டாப் சுவர் முழுக்க ஒட்டி ஷாட்டை எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் கிழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆர்ட் பையன்கள் வாளியும் கையுமாக நின்றார்கள். "சாயங்காலம் இன்னொரு ஆங்கிள் வேணும், அப்படியே இருக்கட்டும்" என்று டைரக்டர் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். இது சினிமாக்காரன் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு. நமக்கு அது பிராப்பர்ட்டி, ஷூட்டிங் சாமான். பஸ்ஸில் போகிறவனுக்கு அது சாவு. நம் ஊர்களில் உடம்பு வீட்டுக்கு வருவதற்கு முன்னால் போஸ்டர் சுவருக்கு வந்துவிடும். போஸ்டரைப் பார்த்த பிறகு எவனும் நிஜமா என்று கேட்பதில்லை.

நான் அன்றைக்கு மதியச் சாப்பாட்டு ஏற்பாட்டுக்காகத் திண்டிவனம் போய்விட்டுத் திரும்பினேன். யூனிட் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பின்பக்க வராந்தாவில் குமரன் தனியாகக் கிடந்தான். வயிற்றிலும் கழுத்திலும் ரத்தம், தரையில் குளம் மாதிரி ரத்தம். சர்க்கரைப் பாகில் சாயம் கலந்து செய்த ரத்தம். எறும்பு வரிசையாக அவன் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பையன் கண்ணைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"எழுந்திருடா. சாப்பிட்டியா?"

"அசையக் கூடாதுன்னார் சார். அசஞ்சா ரத்தம் கலஞ்சிடுமாம்."

நேராக டைரக்டரிடம் போனேன். சாப்பாட்டு பிரேக்குக்குப் பிறகு க்ளோசப் எடுக்க வேண்டும், ரத்தக்குளத்தின் வடிவம் மாறினால் கன்டினியூட்டி போய்விடும், பையன் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வான் என்றார். நான் வாயைத் திறக்கப் போகும்போதுதான் மொபெட் சத்தம் கேட்டது. ஜங்ஷனில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய். எங்கள் மெஸ்ஸுக்கு அரிசி பருப்பு அவர் கடையில்தான் வாங்குவோம். வண்டியை நிறுத்தாமலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"மேனேஜர் சார், போஸ்டரை பாத்துட்டு உப்பளத்து ஆளுங்க கூடிட்டாங்க. ஷூட்டிங்குல வெச்சே செந்தில் குத்திட்டான்னு சொல்லிக்கினு இருக்காங்க. அது சினிமா போஸ்டருப்பான்னு நான் சொன்னேன். ஒருத்தன் மதில் மேல எட்டி பாத்துட்டு வந்துட்டானாம். புள்ள ரத்தத்துல கெடக்குது, இவனுங்க உக்காந்து சோறு துன்றானுங்கன்னு கத்துறான். என்னை தள்ளி வுட்டுட்டானுங்க. கட்டய தூக்கிக்கினு செந்தில் ஊருக்கு கெளம்புறாங்க."

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் சொல்லித் தர மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். முதலில் போலீஸுக்கு போன் போடச் சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து ஜீப் வருவதற்குள் கூட்டம் மேற்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பதும் தெரிந்தது. கூட்டத்துக்குப் பேச்சு எடுபடாது, பையனைத்தான் காட்ட வேண்டும். ஆனால் இந்தக் கோலத்தில் காட்டினால், அவன் வாயைத் திறப்பதற்குள் நாலு கட்டை எங்கேயாவது இறங்கிவிடும். ஆக, ரத்தத்தைக் கழுவ வேண்டும்.

குமரனைத் தூக்கி நிறுத்தி, குடிதண்ணீர் கேனை அவன் தலையில் கவிழ்த்தேன். டைரக்டர் ஓடி வந்தார்.

"மேனேஜர் சார், என்ன பண்றீங்க? மேக்கப்ப கலச்சா இன்னிக்கு ஷூட்டே போச்சு. ஒரே ஒரு க்ளோசப், முடிச்சிட்டு கூட்டினு போங்க."

"நீங்க க்ளோசப் முடிக்கிறதுக்குள்ள அங்க நெஜமாவே ஒருத்தன் செத்துடுவான்."

இரண்டு அடி பின்னால் போனார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேமராமேன் பக்கம் திரும்பி, "அப்ப கேமராவ வண்டியில ஏத்து. நெஜ கூட்டம், நெஜ கோவம். இது திரும்ப கெடைக்காது" என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ டைரக்டர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அருவருப்பு வந்தது அன்றைக்கு ஒரு முறைதான். யூனிட் வண்டிச் சாவிகள் எல்லாம் மேனேஜர் கையில் இருக்கும். கேமரா வண்டிச் சாவியை எடுத்து என் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "நடந்து போங்க" என்றேன். கேமராமேன் கேமராப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த மனுஷனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

குமரனின் யூனிபார்ம் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு என் சட்டையை அவனுக்கு மாட்டினேன். முழங்கால் வரை தொங்கியது. அடுத்த முடிவு செந்திலைப் பற்றி. அவனை இங்கேயே விட்டால், கூட்டம் அவன் வீட்டில் தேடும், இல்லாவிட்டால் இங்கே வரும். கூட்டிப்போனால் கூட்டத்தின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி. அவன் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றான், கையில் இன்னும் அந்த மரக்கத்தி. யோசித்தேன். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஜனம் நம்பும். கத்தியைப் பிடுங்கி வீசிவிட்டு அவனையும் வேனில் ஏற்றினேன். "நான் சொல்ற வரைக்கும் எறங்காத" என்றேன். இப்போது நினைத்தாலும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். யாரும் எனக்கு வேறு வழி காட்டவில்லை.

ஜங்ஷனை அடைந்தபோது கூட்டம் ரோட்டைத் தாண்டி மேற்குப் பக்கம் திரும்பியிருந்தது. எல்லார் கையிலும் சவுக்குக் கட்டை. முன்னால் குமரனின் தாய்மாமன் ஏழுமலை. வேனைக் குறுக்கே நிறுத்தச் சொல்லிவிட்டு, பனியனோடு நான் இறங்கினேன். பின்னால் குமரன்.

கூட்டம் அப்படியே நின்றது. ஏழுமலை கட்டையைக் கீழே போடவில்லை. கிட்டே வந்தார், பையன் போட்டிருந்த என் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். அவசரத்தில் நான் சரியாகக் கழுவவில்லை. தொப்புளைச் சுற்றிச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலை விரலால் தடவினார், மோந்து பார்த்தார், நாக்கில் வைத்தார்.

"இன்னாடா இது, இனிக்குது" என்றார்.

"சக்கர பாகு மாமா" என்றான் குமரன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அப்படி இல்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன், "சரி, அந்த செந்தில் எங்க? போன வருஷம் பல்லு போனதுகூட சக்கர பாகா?" என்றான். எல்லார் முகமும் மறுபடியும் மாறியது. கையில் கட்டையோடு கிளம்பி வந்தவர்களுக்குச் சும்மா திரும்பிப் போவது கஷ்டம்.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் குமரன் வேன் கதவைத் திறந்து செந்திலின் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்திவிட்டான்.

"தோ நிக்கிறான் பாரு. இவன் இன்னா பண்ணான்? இவனும் காலைலேர்ந்து பட்டினி, நானும் பட்டினி. அடிக்கிறதுன்னா எங்களுக்கு சோறு போடாதவன போயி அடிங்க."

மூன்று நாளாகப் பேசக் கூடாது என்று பிரித்துவைத்த பையன்கள். செந்திலின் கையைக் குமரன் விடவே இல்லை. ஏழுமலை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சவுக்குக் கட்டையை ரோட்டோரமாகப் போட்டார். அப்புறம் மற்றவர்களும் போட்டார்கள். போலீஸ் ஜீப் வந்தபோது பாய் கடை வாசலில் உட்கார்ந்து இரண்டு பையன்களும் பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

கஸ்தூரி வரப்பு வழியாகவே ஓடி வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் உப்புச்சேறு. மகனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் தடவினார். அழவில்லை. என்னிடம் திரும்பினார்.

"சிரிக்க வெச்சிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. இன்னும் எடுக்கல."

"அதான்" என்றார்.

திருஷ்டியை நான் நம்பவில்லை என்றேனே, இப்போதும் நம்பவில்லை. ஆனால் கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஷாட் முடிந்ததும் பையனை எழுப்பிச் சிரிக்க வைத்திருந்தால், முகத்தைக் கழுவிக்கொண்டு மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான். மதில்மேல் எட்டிப் பார்த்தவன் கண்ணில் சாப்பிடுகிற குமரன்தான் பட்டிருப்பான். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் படித்தவனோ படிக்காதவனோ, வேலை முடிந்தால் மனுஷனை மனுஷனாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவன்.

கஸ்தூரியையும் பையன்களையும் வேனில் ஏற்றி நேராக லொகேஷனுக்கு வந்தேன். ஜங்ஷனிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் போஸ்டர்களை என் கையால் கிழித்தேன். டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கேமராவ வைங்க சார். சிரிப்பு ஷாட் எடுக்கணும்."

"நான் பள்ளிக்கூட வன்முறை எவ்ளோ கொடூரம்னு காட்ட வந்திருக்கேன். செத்தவன சிரிக்க வெச்சு விளையாட வரல. இந்த மூடநம்பிக்கையெல்லாம் என் செட்ல கெடையாது."

"பட்டினி போட்டு எறும்பு கடிக்க விட்டீங்களே, அது எந்த நம்பிக்கை சார்?"

பேச்சு முற்றியது. அவர் மொபைலில் தயாரிப்பாளரைப் பிடித்து, நான் ஷூட்டிங்கை நிறுத்திவிட்டேன், வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். தயாரிப்பாளர் கத்தினார். நடந்ததைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

"நாளைலேர்ந்து நீ வரவேணாம்யா" என்றார்.

"நாளைலேர்ந்துதானே சார். இன்னிக்கு நான்தான் மேனேஜர்" என்று போனை வைத்துவிட்டேன்.

ஜெனரேட்டர் வண்டிக்குப் போய் ஜெனரேட்டரை நிறுத்தும்படி ஆபரேட்டரிடம் சொன்னேன். சட்டென்று எல்லாம் அமைதியானது. டைரக்டரிடம் வந்து, "கேமரா உங்களுது. கரண்ட் என்னுது. இந்தம்மாவுக்கு குடுத்த வாக்கு முடிஞ்சாத்தான் கரண்ட் வரும்" என்றேன். மிளகு போடாத ரசம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் எழுந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கேமராமேன் யாரிடமும் கேட்காமல், பேட்டரியில் ஓடுகிற கேமராவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

குமரன் அதே இடத்தில் படுத்தான். கஸ்தூரி கேமராவை ஒட்டி நின்றார். கேமரா ஓடியது. பையன் எழுந்து உட்கார்ந்தான். சிரிப்பு வரவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தான், அது அழுகை மாதிரி இருந்தது. பிலிம் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கஸ்தூரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

செந்தில் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"டேய் பொணம், எழுந்து வாடா. சோறு ஆறுது."

குமரன் சிரித்துவிட்டான். முன்பல் இல்லாத வாயோடு அடக்க முடியாமல் சிரித்தான். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை.

மறுநாள் கஸ்தூரி மகனை அனுப்பவில்லை. அந்த க்ளோசப் இல்லாமலேயே படம் முடிந்தது. அந்தக் கம்பெனி என்னை மறுபடி கூப்பிடவில்லை, இன்னும் இரண்டு மூன்று கம்பெனிகளும் கூப்பிடவில்லை. 'சென்டிமென்ட் மேனேஜர்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும். இந்த மாதிரிப் படங்கள் பையன்களைக் கெடுக்குமா என்று டிவியில் உட்கார்ந்து விவாதம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் படத்தை எடுக்கும்போது பையன்களை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். டைரக்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேளுங்கள். படம் வன்முறைக்கு எதிரானது என்று போஸ்டரில் போட்டுவிட்டால், செட்டில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று லைசென்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

அடுத்த வருஷம் படம் வெளிவந்தது. ப்ரிவியூவுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. பஸ் பிடித்துப் போய் உப்பளத்து ஜனங்கள் போகிற தியேட்டரிலேயே டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் வராந்தாவில் குமரன் ரத்தத்தில் கிடக்கிறான். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். தியேட்டரே அடங்கிவிட்டது. பெண்கள் பக்கமிருந்து விசும்பல் கேட்டது.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். திரை வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. கஸ்தூரி.

"ஏம்மா அழுவுறீங்க? யாரும் அழுவாதீங்க. இதுக்கப்புறம் எழுந்து சிரிச்சான். அத இவங்க காட்டல. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். தோ, இங்கதான் குந்திகினு இருக்கான்."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் குமரனும் செந்திலும் வெட்கத்தில் சீட்டுக்குள்ளேயே வழுக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். குமரன் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"யம்மா, குந்தும்மா. பின்னாடி இருக்கிறவங்களுக்கு படம் தெரில."